பள்ளிக்கூடத்துக்கும் பஞ்ச சூத்திரம்

(வட்டாரக் கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கல்வித் துணைக்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கேள்வி. போன மாசம் உங்க குழுவில் யார் யார் தவணை கட்டலைன்னு கேட்டா, நோட்டைப் பார்க்காமலே சொல்லிடுவீங்க. யாருக்கு எவ்வளவு நிலுவை, எத்தனை தவணை பாக்கி, எல்லாம் விரல் நுனியில் இருக்கு. சரி, உங்க ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆறாவது பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறது யார்? அப்படி ஒரு ஆசிரியர் இருக்காரா, இல்லையா?

கை தூக்கினவங்க நாலஞ்சு பேர்தான். வெட்கப்பட வேண்டாம். ஒரு வருஷத்துக்கு முன்னாடி எங்க துணைக்குழுவில் இருக்கிற யாருக்கும் இது தெரியாது. அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

ஒரு கடன் கணக்கு

நம் உறுப்பினர் ஒருத்தர். பெயர் வேண்டாம், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். 2018-இல் அவர் மகள் ஐந்தாவது முடித்தாள். ஊரிலேயே நடுநிலைப் பள்ளி இருக்கிறது. ஆனால் தெருவில் வேன் வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளை டை கட்டி, ஷூ போட்டு வேனில் ஏறியது. 'நம்ம பிள்ளை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?' என்று குழுவில் 20,000 ரூபாய் கடன் கேட்டார். நாமும் 'கல்விக் கடன்' என்று தீர்மானம் எழுதிக் கொடுத்தோம். நல்ல காரியத்துக்குக் கொடுத்தோம் என்று சந்தோஷமும் பட்டோம்.

அவர் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினார். அடுத்த வருஷம் தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார். 2020-இல் கொரோனா வந்தது, கூலி வேலை நின்றது. மகளை எட்டாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளிக்கே கூட்டி வந்தார். அந்தப் பெண் நன்றாகப் படித்து, 2025-இல் பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரியில் சேர்ந்தாள்.

அங்கேதான் விஷயம். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த பெண் பிள்ளைக்கு, கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு வந்தது, இவளுக்கு வரவில்லை. ஆறாவதும் ஏழாவதும் தனியார் பள்ளி என்று சான்றிதழில் இருந்தது. மூன்று வருடப் படிப்புக்குக் கணக்குப் போட்டால் 36,000 ரூபாய்.

2018-இல் அப்படி ஒரு திட்டமே கிடையாது. அதனால் அந்தத் தாய் மேல் தப்பு இல்லை. ஆனால் அவர் எங்களிடம் கேட்ட கேள்வி வேறு. "அன்னிக்கு நான் கடன் கேட்டப்போ, ஜாமீன் யாருன்னு கேட்டீங்க, எத்தனை தவணைன்னு கேட்டீங்க. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல என்ன குறை, ஏன் புள்ளைய வெளிய அனுப்புறேன்னு ஒருத்தராவது கேட்டீங்களாக்கா?"

கேட்கவில்லை. நமக்கே தெரியாது, எதைக் கேட்பது? இத்தனைக்கும் 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் கிராமப் பள்ளிகளில் சமைப்பது நம் மகளிர் குழுப் பெண்கள்தான். விடியற்காலையில் எழுந்து பள்ளிக்கூடத்து அடுப்பங்கரை வரைக்கும் போகிறோம். பத்தடி தள்ளி இருக்கிற வகுப்பறையை எட்டிப் பார்த்ததில்லை.

எதைப் பார்த்து ஒப்பிடுவது?

நம் குழுக்களைத் தர மதிப்பீடு செய்ய வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? குழுவின் பேனர் புதுசா, எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை கட்டியிருக்கிறார்களா என்றா? இல்லை. ஒழுங்காகக் கூடுகிறோமா, ஒழுங்காகச் சேமிக்கிறோமா, உள்கடன் கொடுக்கிறோமா, திருப்பிக் கட்டுகிறோமா, கணக்கு எழுதுகிறோமா என்று பார்க்கிறார்கள். இதைத்தான் பஞ்ச சூத்திரம் என்று சொல்லிச் சொல்லி நமக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-இல் நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. அப்போது கிருஷ்ணகிரியும் சேர்ந்து ஒரே மாவட்டம். இத்தனை வருஷமாக நாம் கற்ற பாடம் ஒன்று: வெளித்தோற்றத்தை நம்பாதே, நோட்டைத் திறந்து பார்.

பள்ளிக்கூடத்தை மட்டும் ஏன் சுவர் வண்ணத்தையும் வேனையும் பார்த்து எடை போடுகிறோம்?

இதை யோசித்துத்தான் துணைக்குழுவில் ஐந்து கேள்விகள் எழுதினோம். தை, மாசி இரண்டு மாதங்களில் நம் ஒன்றியத்தில் நான்கு நடுநிலைப் பள்ளிகளுக்குப் போனோம். அந்தந்தப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற தாய்மார்களோடு, தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டுத்தான் போனோம். ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை, "ஏம்மா, எங்களைச் சோதனை பண்ண வந்தீங்களா?" என்றார். "இல்லீங்க டீச்சர், தெரிஞ்சுக்க வந்தோம்" என்றோம். டீ வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் காட்டினார்.

பள்ளிகளின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அடையாளத்துக்காக ரோட்டோரப் பள்ளி, ஏரிக்கரைப் பள்ளி, மலையடிவாரப் பள்ளி, புளியந்தோப்புப் பள்ளி என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். நான்குமே 1 முதல் 8 வகுப்பு வரை உள்ளவை. நாங்கள் பார்த்தது 6, 7, 8 மூன்று வகுப்புகளை.

முதல் கேள்வி: பாடம் நடத்த ஆள் இருக்கா?

இதற்குச் சட்டமே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 8 வகுப்புகளில் ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியராவது வேண்டும். அந்த மூவரில் கணக்கு, அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிப் பாடத்துக்கு ஒருவர். 35 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்ற கணக்கும் உண்டு.

ரோட்டோரப் பள்ளியில் மூன்று வகுப்பிலும் சேர்த்து 118 பிள்ளைகள், ஆசிரியர் மூன்று பேர். 35-க்கு ஒருவர் என்றால் நாலு பேர் இருக்கணும். ஏரிக்கரையில் 54 பிள்ளைகளுக்கு மூன்று பேர், மூன்று பாடத்துக்கும் ஆள் இருக்கு. புளியந்தோப்பில் 72-க்கு மூன்று பேர். மலையடிவாரத்தில் 31 பிள்ளைகள்தான், ஆனால் ஆசிரியர் இரண்டே பேர். கணக்கு ஆசிரியர் மாறுதலில் போனவர், அந்த இடம் காலியாகவே கிடந்தது. தமிழ் ஆசிரியை தன்னால் முடிந்த அளவு கணக்கும் சொல்லிக் கொடுக்கிறார்.

பிள்ளை எண்ணிக்கையை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்தால் மலையடிவாரப் பள்ளிதான் ரொம்ப நல்ல பள்ளி என்று தோன்றும். 31-க்கு இரண்டு பேர் ஆச்சே! ஆனால் கணக்குக்கு ஆள் இல்லை. ஆக, 'எத்தனை பேர்' என்று மட்டும் கேட்கக் கூடாது, 'எந்தப் பாடத்துக்கு' என்றும் கேட்கணும்.

இரண்டாம் கேள்வி: பிள்ளை வாசிக்குதா, கணக்குப் போடுதா?

மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி. ஒரு வகுத்தல் கணக்கு. அவ்வளவுதான். ஒவ்வொரு பள்ளியிலும் ஆறாவதில் பத்துப் பிள்ளைகள், எட்டாவதில் பத்துப் பிள்ளைகள். மலையடிவாரத்தில் எட்டாவதில் இருந்ததே ஒன்பது பேர், அந்த ஒன்பது பேரையும் கேட்டோம்.

வெளியே பார்க்க ரோட்டோரப் பள்ளிதான் அழகு. புதுக் கட்டடம், சுற்றுச்சுவர், சுவரெல்லாம் படம். ஆறாவதில் பத்தில் ஐந்து பேர் தடங்கல் இல்லாமல் வாசித்தார்கள். எட்டாவதில் ஆறு பேர். ஏரிக்கரை பழைய ஓட்டுக் கட்டடம். அங்கே ஆறாவதில் நாலு பேர்தான் வாசித்தார்கள், ஆனால் எட்டாவதில் ஒன்பது பேர்.

இதைக் கொஞ்சம் கவனிங்க. ஆறாவதை மட்டும் பார்த்தால் ரோட்டோரப் பள்ளி உசத்தி. ஆறாவதையும் எட்டாவதையும் சேர்த்துப் பார்த்தால்தான், பிள்ளை எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியும். ஏரிக்கரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கூலி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பின்தங்கி உள்ளே வந்த பிள்ளையை முன்னே கொண்டு போகிறதுதானே பள்ளிக்கூடத்து வேலை?

அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டோம். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. காலையில் முதல் முக்கால் மணி நேரம் வகுப்பைப் பார்க்காமல், வாசிக்கத் தெரிந்த அளவை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்கு அதற்கேற்ற பாடம், வாசிக்கிற பிள்ளைக்குக் கதைப் புத்தகம். நூலகப் புத்தகங்கள் பீரோவில் இல்லை, கயிற்றில் தொங்குகின்றன. புத்தகம் கிழிந்திருந்தது. கிழிகிற அளவுக்குப் பிள்ளைகள் எடுத்துப் படிக்கிறார்கள் என்று அர்த்தம்.

கணக்கில் எல்லாப் பள்ளியும் பின்னால்தான். மலையடிவாரத்தில் எட்டாவது படிக்கிற ஒன்பது பேரில் வகுத்தல் போட்டது ஒரே ஒரு பிள்ளை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பத்துப் பிள்ளைகளை ஒரு நாள் கேட்டுவிட்டு ஒரு பள்ளிக்கே மார்க் போட முடியாது. வெட்கத்தில் வாய் திறக்காத பிள்ளையும் இருக்கும். நாங்கள் மார்க் போடப் போகவில்லை. எங்கே கேள்வி கேட்கணும் என்று தெரிந்துகொள்ளப் போனோம்.

'எனக்கே கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், நான் எப்படிச் சோதிக்கிறது?' என்று சிலர் கேட்கலாம். பிள்ளை தடுக்கித் தடுக்கி வாசித்தால் நம் காதுக்குத் தெரியாதா? கணக்குக்கு நம் பாஸ் புத்தகம் போதும். '12,000 ரூபாய் கடன், பத்துத் தவணை, மாசம் எவ்வளவும்மா?' என்று கேளுங்க. பதில் சரியா இல்லையா என்று நமக்குத் தெரியும். நாம் கட்டுகிற பணமாச்சே.

மூன்றாம் கேள்வி: பிள்ளை தினம் வருதா?

6 முதல் 8 வகுப்புக்கு வருஷத்தில் 220 நாள் பள்ளி நடக்கணும் என்று சட்டம் சொல்கிறது. பள்ளி நடக்கிறது. நம் பிள்ளை எத்தனை நாள் போனது?

மலையடிவாரத்தில் தை மாசம் போனபோது ஏழாவதில் பாதி பெஞ்சு காலி. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போன அப்பா அம்மா கூடவே பிள்ளைகளும் போயிருந்தார்கள். இது ஆசிரியர் குற்றமா? இல்லை. இது நம் வீட்டு விஷயம். பாட்டியோ சித்தியோ அந்த இரண்டு மூன்று மாசம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தாலே பாதிப் பெஞ்சு நிறைந்துவிடும். குழுவில் பேசி முடிவு பண்ண வேண்டிய சமாச்சாரம் இது.

பள்ளிகளை ஒப்பிடுகிறபோது ஆசிரியரை மட்டும் கூண்டில் நிறுத்தக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

நான்காம் கேள்வி: வயசுக்கு வந்த பிள்ளை முழு நாளும் இருக்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்க ஆண்கள் வரமாட்டார்கள். நாம்தான் கேட்கணும். ஆறு, ஏழு, எட்டாவதில்தான் பெண் பிள்ளைகள் பெரிய மனுஷி ஆகிறார்கள்.

ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறை, நல்ல குடிநீர், சுற்றுச்சுவர், சமையலறை எல்லாம் சட்டத்தில் எழுதியிருக்கிறது. நாலு பள்ளியிலும் பெண்கள் கழிப்பறை இருக்கிறது. ஆவணத்தில் நாலும் 'உண்டு'தான். நேரில் பார்த்தோம். புளியந்தோப்பில் பூட்டிக் கிடந்தது. சாவி அலுவலக அறையில். பதிமூன்று வயசுப் பெண், ஆண் ஆசிரியர் முன்னாடி போய் நின்று சாவி கேட்பாளா? ரோட்டோரத்தில் திறந்திருந்தது, ஆனால் தண்ணீர் வரவில்லை, நாப்கின் போடக் கூடையும் இல்லை. ஏரிக்கரையிலும் மலையடிவாரத்திலும் தண்ணீர் இருந்தது.

புளியந்தோப்பில் ஒரு பெண் பிள்ளையிடம் தனியாகப் பேசினோம். "அந்த நாள்ல நான் வரமாட்டேன் பெரியம்மா. காலைல இருந்து தண்ணி குடிக்காம வருவேன்" என்றாள். மாசத்துக்கு மூன்று நாள் என்றால் வருஷத்துக்கு எத்தனை நாள்? அந்த மூன்று நாளில் நடத்திய பாடம் அவளுக்குப் போனது போனதுதான். அப்புறம் 'கணக்கு மண்டையில ஏறலை'ன்னு நாமே அவளைத் திட்டுகிறோம்.

ஐந்தாம் கேள்வி: எட்டாவது முடிச்சு எங்கே போகுது?

எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்த கேள்வி இதுதான். போன வருஷம் எட்டாவது முடித்த பிள்ளைகள் இப்போ எங்கே என்று நாலு பள்ளியிலும் கேட்டோம்.

ஏரிக்கரையில் எல்லாரும் ஒன்பதாவது படிக்கிறார்கள். ரோட்டோரத்தில் ஒருவன் கோழிப் பண்ணை வேலைக்குப் போய்விட்டான், மற்றவர்கள் படிக்கிறார்கள். புளியந்தோப்பில் இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். மலையடிவாரத்தில் 11 பேர் முடித்தார்கள், அதில் மூன்று பெண்கள் ஒன்பதாவதில் சேரவே இல்லை. உயர்நிலைப் பள்ளி ஒன்பது கிலோமீட்டர். பஸ் பாஸ் இலவசம்தான், ஆனால் காலை பஸ் ஏழேகாலுக்கு ஒன்று, சாயங்காலம் ஊர் வந்து சேர இருட்டிவிடும். 'பொண்ணை எப்படி அனுப்பறது?' என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் நிறுத்தினால் அடுத்த பேச்சு என்ன வரும் என்று நமக்குத் தெரியாதா? 18 வயசுக்கு முன்னாடி கல்யாணம் சட்டப்படி குற்றம் என்று நாம்தான் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறோம். அந்தக் கல்யாணத்துக்கு வழி எட்டாவது வகுப்பு வாசலில் தொடங்குகிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. எட்டாவதில் எழுதுகிற தேர்வு. அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். பெற்றோர் வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்கணும். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருஷம் 12,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு 48,000 ரூபாய். நாலு பள்ளியில் புளியந்தோப்பில் மட்டும்தான் பிள்ளைகளைத் தயார் செய்து எழுத வைத்தார்கள். ஒன்பது பேர் எழுதி இரண்டு பேர் தேர்வாகியிருக்கிறார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் அதற்கென்றே ஒரு ஆசிரியர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். கழிப்பறையில் கோட்டை விட்ட அதே பள்ளிதான் இதில் முதலில் நிற்கிறது.

அப்போ எந்தப் பள்ளி நல்ல பள்ளி?

போய்விட்டு வந்ததும் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். 'எது நல்ல பள்ளின்னு சொல்லுங்க, அங்கேயே சேர்த்துடறோம்.'

ஐந்து கேள்விக்கும் 'ஆமாம்' என்று பதில் சொன்ன பள்ளி ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் மோசமான பள்ளியும் இல்லை. வாசிப்புக்கு ஏரிக்கரை, உதவித்தொகைத் தேர்வுக்குப் புளியந்தோப்பு, பிள்ளைகள் தொடர்ந்து படிப்பதில் ஏரிக்கரையும் ரோட்டோரமும். ஆள் பற்றாத மலையடிவாரத்தில்கூட ஒரு நல்லது பார்த்தோம். பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் ஆசிரியை வீட்டுக்கே போய்க் கேட்கிறார்.

பிள்ளையை மாற்றவே கூடாது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அது பெற்றவர்கள் முடிவு. ஆனால் இரண்டு விஷயத்தை மனசில் வையுங்க.

ஒன்று, ஆறாம் வகுப்புச் சேர்க்கை பெரிய முடிவு. புதுமைப் பெண் திட்டத்தைப் போலவே ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-இல் வந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை 6 முதல் 12 வரை எங்கே படித்தார்கள் என்பது. தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் படித்தவர்களுக்கும், அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கும் தனித்தனி விதி உண்டு. அதனால் பள்ளி மாற்றும் முன் தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்க.

இரண்டு, ஆசிரியர் பணியிடத்தை ஆகஸ்ட் 1-ஆம் தேதி பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். வசதி உள்ளவர்கள், விவரம் தெரிந்தவர்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் குறையும். மிச்சம் இருப்பது யார்? வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள், 'பொட்டப்புள்ளைக்கு இது போதும்' என்று விடப்பட்ட பெண் பிள்ளைகள். அவர்களும் நம் குழு உறுப்பினர்களின் பிள்ளைகள்தானே? குழுவில் ஒருத்தர் கடனைக் கட்ட முடியாமல் தவித்தால் விட்டுவிட்டுப் போகிறோமா? எல்லாரும் உட்கார்ந்து வழி பார்க்கிறோம்.

ஆகவே, ஒப்பிட்டுப் பார்ப்பது ஓடிப்போவதற்கு இல்லை. ஒரு பள்ளியில் இருக்கிற நல்லதை இன்னொரு பள்ளிக்குக் கொண்டு போவதற்கு.

இதுவரை நடந்தது

நான்கு பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தாய்மார்களையும் ஒரே நாளில் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வரவழைத்தோம். புளியந்தோப்புத் தாய்மார்கள் ஏரிக்கரையைப் பற்றிக் கேட்டார்கள், ஏரிக்கரைத் தாய்மார்கள் உதவித்தொகைத் தேர்வைப் பற்றிக் கேட்டார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே ஒன்றியம், ஆனாலும் இதற்கு முன் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில்லை.

புளியந்தோப்பில் கழிப்பறைச் சாவி இப்போது எட்டாவது பெண் பிள்ளைகள் கையில். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ரோட்டோரத்தில் காலை வாசிப்பு நேரம் தொடங்கியிருக்கிறார்கள். மலையடிவாரத்துக் கணக்கு ஆசிரியர் இடத்துக்காகப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். இன்னும் ஆள் வரவில்லை. காலை பஸ் நேரத்துக்காகக் கொடுத்த மனுவுக்கும் பதில் வரவில்லை. ஒன்பதாவதில் சேராத அந்த மூன்று பெண்களில் ஒருத்தியை வருகிற ஜூனில் உறைவிட விடுதியில் சேர்க்க வீட்டில் சம்மதித்திருக்கிறார்கள். மற்ற இரண்டு பேர் வீட்டுக்கும் போய்க்கொண்டேதான் இருக்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது

* பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்பது சட்டம். அதில் இருக்கும் நம் உறுப்பினர் யார் என்று பாருங்கள். கூட்டத்தில் வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. பள்ளி மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள்.

* ஒவ்வொரு பள்ளிக்கும் பதினொரு இலக்க யுடைஸ் எண் உண்டு. அதை வைத்து ஆசிரியர், மாணவர் எண்ணிக்கை, கழிப்பறை, குடிநீர் விவரங்களை இணையத்தில் பார்க்கலாம். கல்லூரி படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் போனிலேயே பார்த்துச் சொல்லும். அதில் எழுதியிருப்பது நேரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

* ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் பள்ளிக்கூடத் தேவையைத் தீர்மானமாக எழுத வையுங்கள். தெருவிளக்குக்குக் கேட்கிறோம், கழிப்பறைத் தண்ணீருக்கும் கேட்போம்.

* பள்ளிக் கல்வி உதவி எண் 14417. பிள்ளைகளுக்கு ஆபத்து, குழந்தைத் திருமணம் என்றால் 1098.

* இனிமேல் குழுவில் கல்விக் கடன் கேட்டு யார் வந்தாலும், தீர்மானம் எழுதும் முன் இந்த ஐந்து கேள்விகளையும் பேசுவோம். கடன் கொடுக்காமல் இருப்பதற்காக இல்லை, தெரிந்து கொடுப்பதற்காக.

கடைசியாக ஒன்று. இந்தப் பேச்சைத் தயார் செய்தபோது, முதலில் சொன்ன அந்தத் தாயிடம் வாசித்துக் காட்டினோம். சேர்க்க வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டோம். "என் சின்னவ இந்த வருஷம் ஆறாவது போறா. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துலதான் சேர்க்கப் போறேன். ஆனா மாசம் ஒரு தடவை உள்ள போய்ப் பார்ப்பேன். அதையும் சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டோம். அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு ஊராட்சியும் தங்கள் பள்ளிக்கான ஐந்து பதில்களை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தவணைக் கணக்கோடு அந்தக் கணக்கையும் அன்றைக்கு வாசிப்போம்.